மனமொத்துப் பிரிவதற்கு எதற்கு வக்கீல்?

"சண்டை சச்சரவு எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் சம்மதம். ஒரு கையெழுத்து போட்டால் முடிகிற காரியத்துக்கு எதற்கு வக்கீல்?" என்னுடைய விவாகரத்து முடிந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள், கல்யாண வீடுகளில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டிருக்கிறார். போன மாதம் தூரத்து உறவுப் பெண் ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். அவளும் கணவனும் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். மாதிரி மனு இணையத்தில் கிடைக்கிறது, பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் போதாதா அக்கா என்றாள். அவசரத்தில் அவளுக்கு ஏதோ பதில் சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அவள் கேட்டது நியாயமான கேள்விதான். 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், வக்கீல் வைத்துக்கொள்வதை ஒரு தரப்பின் உரிமையாகவே ஒப்புக்கொள்ளவில்லை. அதன் 13ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. குடும்பத் தகராறில் கட்சிக்காரர்கள் நேரில் வந்து தங்கள் வாயால் பேச வேண்டும், வாதத் திறமைக்கு நடுவில் குடும்பம் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பது நோக்கமாக இருந்திருக்க வேண்டும். நடைமுறையில் நீதிமன்றத்தின் அனுமதியோடு வக்கீல்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவும் நீளமானதில்லை. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை என்று சொல்ல வேண்டும், திருமணத்தை முடித்துக்கொள்ள இருவரும் சம்மதித்திருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இந்தப் பிரிவு வந்தது. அதற்கு முன்பு பெரும்பாலும் ஒருவர் மற்றவர் மேல் குற்றம் சுமத்தி அதை நிரூபித்தால்தான் பிரிய முடியும். 13பியில் யார் மேல் தவறு என்ற கேள்வியே எழுவதில்லை. எனக்கு அந்தப் பிரிவின் மேல் இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு. பத்து ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த மனிதரைப் பற்றி ஊரறியக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே வர எனக்கு அது வழி கொடுத்தது.

ஆனால் அந்தப் பிரிவு கேட்கிற சம்மதம் ஒன்று. பிரிந்த பிறகு வாழப்போகிற வாழ்க்கைக்கு வேண்டிய சம்மதம் வேறொன்று. முதலாவது எங்களிடம் இருந்தது. இரண்டாவது எங்களிடம் இல்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. அதைத் தெரியவைத்தவர் எங்கள் வக்கீல்.

மாமா சொன்ன வழி

வக்கீலைத் தேடும் முன்பே என் தாய்மாமா ஒரு வழி சொன்னார். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசுவது, சீரையும் நகையையும் திருப்பிக் கொடுப்பது, முத்திரைத் தாளில் எழுதி இருவரும் சாட்சிகளோடு கையெழுத்துப் போடுவது. அவர் இளவயதில் ஊரில் பார்த்தது அதுதான். "அத்துவிட்டால் அதோடு முடிந்தது, கோர்ட்டு வாசலை ஏன் மிதிக்க வேண்டும்?" என்றார். அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருமகள் கூண்டில் ஏறி நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்றும் நிறையப் பேர் இந்தத் தாளை நம்புகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தில் வழக்கமாக இருந்துவரும் விவாகரத்து முறைக்கு இடம் விடுகிறது, உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு, இடைவிடாமல், அந்தச் சமூகத்தில் இருந்துவருகிறது என்பதை, கேள்வி எழும் அன்று, அதை நம்புகிறவர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அந்த முத்திரைத் தாளுக்கு மதிப்பே கிடையாது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்களுக்கு அந்த மறுமணமே செல்லாததாகவும் குற்றமாகவும் ஆகிவிடும். பிறக்கும் பிள்ளைகளின் சொத்துரிமை வரை சிக்கல் நீளும். மாமாவிடம் இதையெல்லாம் விளக்கியது நானில்லை. வக்கீலம்மாதான் அவரை எதிரில் உட்காரவைத்து, "அய்யா, உங்கள் மருமகள் நாளைக்கு இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால், இந்தத் தாளை எடுத்துக்கொண்டு எந்தச் சாட்சி வருவார்?" என்று கேட்டார். மாமா அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீதிமன்றத்துக்கு வரும் நாளெல்லாம் துணைக்கு வந்தார்.

எங்கள் திருமணம் தஞ்சாவூரில் நடந்தது, குடித்தனம் சென்னையில், பிரிந்த பிறகு நான் மகனோடு திருச்சிக்கு வந்துவிட்டேன். மனு எங்கே போடுவது என்பதே முதல் கேள்வியாக இருந்தது. திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது வசிக்கிற ஊர், இதில் எது வசதியோ அங்கே போடலாம் என்றார் வக்கீலம்மா. மனைவி வசிக்கும் இடத்திலும் அவள் மனுச் செய்யலாம் என்பது 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த ஏற்பாடு. கைக்குழந்தையோடு வெளியூர் நீதிமன்றத்துக்கு அலைந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது, பஸ் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

ஆளுக்கொரு தாள்

நாங்கள் இருவரும் சேர்ந்தே வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குப் போனோம். எல்லாம் பேசி முடித்துவிட்டோம், மனுவை எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம் என்று அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். (அவர் என்று நான் எழுதுவது என் கணவராக இருந்தவரை. அவருடைய பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.) வக்கீலம்மா ஐம்பதைக் கடந்தவர், பேச்சு குறைவு. திருமணப் பத்திரிகை, படம், பதிவுச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். குமாஸ்தாவிடம் இரண்டு வெள்ளைத் தாள்கள் கேட்டார்.

"பேசி முடித்துவிட்டோம் என்கிறீர்கள், நல்லது. பேசி முடித்தது என்னவென்று ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்க வேண்டாம்."

அவர் வெளித் திண்ணைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் உள்ளேயே, சட்ட அறிக்கைகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். சீக்கிரமே எழுதி முடித்துவிட்டோம். எங்களுக்குள் மறைக்க எதுவும் இல்லை, ஒருவரை ஒருவர் ஏமாற்றும் எண்ணமும் இல்லை. வக்கீலம்மா இரண்டு தாளையும் மேசையில் அருகருகே வைத்து, ஒத்துப்போகிற வரிகளைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தார். கோடுகள் மிகச் சிலவே விழுந்தன.

நகையிலேயே தொடங்கியது. "என் நகைகள் என்னிடம்" என்று நான் எழுதியிருந்தேன். "அவள் வீட்டில் போட்ட நகை அவளுக்கு" என்று அவர் எழுதியிருந்தார். படிக்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவருடைய அம்மா கல்யாணத்தன்று என் கழுத்தில் போட்ட ஆரம் எந்த வரியில் வரும்? வீடு வாங்க முன்பணம் குறைந்தபோது விற்ற என்னுடைய வளையல்கள் இப்போது நகைக் கணக்கா, வீட்டுக் கணக்கா? பெண்ணுக்கு அவள் கல்யாணத்தை ஒட்டிக் கிடைத்த அன்பளிப்புகள் சீதனம் என்ற வகையில் அவளுக்கே முழு உரிமையானவை என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. சொன்னதை எங்கள் பட்டியலில் எந்தப் பொருளுக்குப் பொருத்துவது என்பதை நாங்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

வீட்டு விஷயத்தில் இரண்டு தாளும் ஒரே மாதிரி இருந்தன. வீடு அவருக்கு, மீதிக் கடனை அவரே கட்டுவார். கோடு போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தவர் சொன்னதை நான் மறக்கவில்லை. கிரயப் பத்திரத்தில் இரண்டு பெயர், வங்கிக் கடனில் இரண்டு கையெழுத்து. நீங்கள் இருவரும் என்ன ஒப்பந்தம் செய்துகொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. நாலு தவணை நின்றுபோனால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரும். வங்கி எழுத்தில் உங்களை விடுவிக்கும்வரை நீங்களும் கடன்காரர்தான். வீட்டில் உங்கள் பங்கை அவருக்கு எழுதிக்கொடுக்கிற பத்திரத்தையும் பதிய வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது, தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் குடும்பமில்லை. "ஆகவே அதை எப்போது எழுதுவீர்கள்?" என்று கேட்டார். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

இவையெல்லாம் பொருள். பணத்தால் சரிசெய்யக் கூடியவை. எங்களை உண்மையிலேயே நிறுத்தியது மகனைப் பற்றிய வரி. மகன் என்னிடம் இருப்பான் என்பதில் இரண்டு தாளும் ஒன்று. பார்ப்பது பற்றி அவர், "சனி ஞாயிறு என்னோடு" என்று எழுதியிருந்தார். நான், "அப்பா எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்" என்று எழுதியிருந்தேன். மனதாரத்தான் எழுதினேன். மகனுக்கு அப்பா வேண்டும் என்பதில் எனக்கு எந்தக் காலத்திலும் இரண்டாவது எண்ணம் இருந்ததில்லை.

வக்கீலம்மா என் வரியைத்தான் முதலில் எடுத்தார். "இவருக்கு மறுகல்யாணம் ஆகிவிடுகிறது. உங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்று, பையனை அனுப்பு, காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும் என்கிறார். அனுப்புவீர்களா?"

நான் பேசாமல் இருந்தேன்.

"நான் அப்படியெல்லாம் வந்து நிற்க மாட்டேன் மேடம்" என்றார் அவர்.

"இன்றைக்கு நிற்க மாட்டீர்கள். நான் எழுதப்போவது இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்காக இல்லை. ஐந்து வருஷம் கழித்து, பக்கத்தில் வேறு ஆட்களோடு, வேறு கோபங்களோடு இருக்கப்போகிற உங்களுக்காக."

அன்றைக்கு மனு எழுதவில்லை. இரண்டு தாளையும் எங்களிடமே கொடுத்து, பென்சில் கோடு விழாத வரிகளையெல்லாம் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஃபீஸ் வாங்கவில்லை. வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். பிரிவது என்று முடிவான பிறகு நாங்கள் பேசிக்கொண்ட முதல் நீளமான பேச்சு அங்கேதான் நடந்தது. கல்யாண வாழ்க்கையில் நாங்கள் தவிர்த்துவந்த அத்தனை கேள்விகளும் அந்தத் தாள்களில் வரிசையாக இருந்தன. பணத்தை யார் எதற்குச் செலவழித்தோம், யாருடைய வீட்டாருக்கு எவ்வளவு இடம் கொடுத்தோம், பிள்ளையை யார் எப்படி வளர்க்க நினைக்கிறோம். இவற்றைப் பேசத் தெரிந்திருந்தால் வக்கீல் வீட்டுக்கே வந்திருக்க மாட்டோமோ என்னவோ. பிரிவதற்காகவாவது பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

எழுதப்பட்ட நிபந்தனைகள்

கடைசியில் உருவான ஒப்பந்தத்தில் மகனுக்கான பகுதிதான் மிக நீளம். எந்த வார இறுதிகள், எத்தனை மணிக்கு யார் கூட்டிவந்து யார் கொண்டுபோய் விடுவது, கோடை விடுமுறையை எப்படிப் பாதியாக்குவது, தீபாவளியும் பொங்கலும் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறி மாறி வரும், பிறந்தநாள் யாரிடம், நாள்தோறும் தொலைபேசி எந்த நேரத்தில். பள்ளி மாற்றுவதென்றால் இருவரும் பேச வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவசரமென்றால் பக்கத்தில் இருப்பவர் கையெழுத்துப் போடலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு மற்றவர் ஒப்புதல் தர மறுக்கக் கூடாது, வெளிநாட்டுப் பயணமென்றால் திரும்பும் தேதியை எழுத்தில் தர வேண்டும். படிக்கும்போது ரயில்வே அட்டவணை மாதிரிதான் இருக்கும். இதில் பாசம் எங்கே என்று என் அம்மா கேட்டாள். பாசத்தை எழுத வேண்டியதில்லை அம்மா, அது இரண்டு பேரிடமும் இருக்கிறது, இல்லாதது நேரக் கணக்குதான் என்றேன்.

மகனுடைய செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகை, ஆண்டுதோறும் அது எவ்வளவு கூடும், பள்ளிக் கட்டணம் தனியாக யார் கட்டுவது, எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்கில் என்று எல்லாம் எழுதினோம். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று என் தாளில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடந்த காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஜீவனாம்சம் எதுவும் கோர மாட்டேன் என்ற வாசகம் பல மனுக்களில் அச்சடித்தாற்போல் வரும். கௌரவத்துக்காகவோ, சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற சலிப்பிலோ பெண்கள் அதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வக்கீலம்மா என்னைத் தடுக்கவில்லை. எனக்கு வேலை இருக்கிறதா, பி.எஃப். இருக்கிறதா, மருத்துவக் காப்பீடு யார் பெயரில், உடம்புக்கு முடியாமல் ஓராண்டு வேலைக்குப் போகவில்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் யோசித்த பிறகும் வேண்டாம் என்பதே என் முடிவாக இருந்தால் எழுதுகிறேன் என்றார். யோசித்தேன், விற்ற வளையல்களுக்கு ஈடான தொகையை மட்டும் கேட்டேன், அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மகனுக்கான பராமரிப்பை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு உரிமையே கிடையாது, அது அவனுடையது என்றும் வக்கீலம்மா அப்போது சொன்னார். பிள்ளையின் பராமரிப்பையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொன்றிலும் அந்த அம்மா பிடிவாதமாக இருந்தார். கூட்டு மனு என்பதால் பல இடங்களில் ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் எழுதிக்கொடுத்துவிடுகிறார். இவர் என்னைப் பார்த்து, "நான் உங்களுக்குத்தான் வக்கீல். இவர் இதை வேறொருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்" என்றார். அவர் தன் நண்பரின் அண்ணன் மூலம் ஒரு வக்கீலைப் பிடித்தார். அந்த வக்கீல் இரண்டு இடங்களில் திருத்தம் கேட்டார், இரண்டுமே நியாயமானவை. செலவு கூடியதென்னவோ உண்மை. ஆனால் பின்னாளில் "என்னை மடக்கி எழுதி வாங்கிவிட்டாள்" என்று அவர் வீட்டில் யாரும் சொல்ல வழியில்லாமல் போனது அந்தச் செலவால்தான்.

ஆறு மாதம் எதற்கு?

மனுத் தாக்கல் செய்த பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாம் முறை இருவரும் வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். இந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பிரிந்து வாழ்ந்த காலம் ஏற்கெனவே ஒன்றரை ஆண்டைத் தாண்டியிருக்க வேண்டும், சமரச முயற்சிகள் பலனில்லாமல் முடிந்திருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை உள்ளிட்ட எல்லாவற்றையும் உண்மையாகவே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும், காத்திருப்பது வேதனையை நீட்டிக்கத்தான் உதவும் என்று நீதிமன்றம் கருத வேண்டும். வருடக்கணக்கில் பிரிந்திருப்பவர்களுக்கு, வெளிநாட்டில் வேலையில் இருப்பவர்களுக்கு, அது பெரிய நிவாரணம்.

எங்களுக்கும் அதைக் கேட்கத் தகுதி இருந்தது. அவர் கேட்க விரும்பினார். வக்கீலம்மா வேண்டாம் என்றார். மறுபடி சேர்ந்துவிடுவோமா என்று யோசிப்பதற்கான அவகாசமாகத்தான் எல்லோரும் அந்த ஆறு மாதத்தைப் பார்க்கிறார்கள். வக்கீலம்மா அதை வேறு விதமாகப் பார்த்தார். எழுதிய வாக்குகளைச் செய்துகாட்டுவதற்கான காலம் அது. அந்த மாதங்களில் லாக்கரைத் திறந்து பட்டியலை வைத்துக்கொண்டு நகையைப் பிரித்தோம். வங்கி என்னைக் கடனிலிருந்து விடுவித்துக் கடிதம் கொடுத்த பிறகு பத்திரப்பதிவு அலுவலகத்தில் என் பங்கை எழுதிக்கொடுத்தேன். மகன் அட்டவணைப்படி அப்பா வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினான். சனிக்கிழமை காலை ஏழு மணி என்று எழுதியிருந்தது அவனுக்கு ஒத்துவரவில்லை, ஒன்பதாக மாற்றினோம். எனக்கு வர வேண்டிய தொகையில் பாதி முதலில் வந்திருந்தது, மீதிக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து இரண்டாம் முறை நீதிபதி முன்னால் கொடுப்பது என்று ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை சம்மதம் நீடிக்க வேண்டும், நடுவில் யார் வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்று சுரேஷ்டா தேவி வழக்கில் 1991ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு இரண்டாம் முறை வராமல் போனவர்களும் உண்டு, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு சம்மதமில்லை என்று மாறியவர்களும் உண்டு. நல்லவர்களையும் ஆறு மாதத்தில் உறவினர்கள் மாற்றிவிட முடியும். இரண்டு பக்கமும் கடைசி நாள்வரை ஏதாவது ஒன்று மிச்சமிருக்கும்படி படிப்படியாகப் பிரித்து எழுதுவது தேர்ந்த வக்கீலின் கை வேலை. இணையத்தில் கிடைக்கும் மாதிரி மனுவில் எங்கள் வீட்டுக் கடனும் எங்கள் மகனின் சனிக்கிழமையும் இருக்க வாய்ப்பில்லை.

நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. டவாலி பெயரைக் கூப்பிட்டார், உள்ளே போனோம். நீதிபதி எங்களைத் தனித்தனியாகக் கேட்டார். யாராவது வற்புறுத்தினார்களா, ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்களா, நிபந்தனைகளைப் படித்தீர்களா, புரிந்ததா? சம்மதம் பலவந்தத்தாலோ மோசடியாலோ பெறப்பட்டதில்லை என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும் என்பது சட்டம், அதனால் அந்தக் கேள்விகள் வெறும் சடங்கில்லை. மகனைப் பற்றிய பகுதியை மட்டும் நீதிபதி நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, "இதை யார் எழுதியது?" என்றார். வக்கீலம்மா எங்கள் இருவரையும் காட்டினார்.

எங்களுக்கு முன்னால் கூப்பிடப்பட்ட தம்பதியும் மனமொத்த மனுதான் போட்டிருந்தார்கள். நீதிபதி கேட்டபோது அந்தப் பெண், நகையைத் தருவதாகச் சொன்னார்கள் அய்யா, இன்னும் தரவில்லை என்றாள். எங்கே எழுதியிருக்கிறது என்றார் நீதிபதி. எங்கும் எழுதியிருக்கவில்லை. சமரச மையத்துக்குப் போகச் சொல்லி வாய்தா போட்டார். வராந்தாவில் அவள் தன் அண்ணனிடம், எல்லாம் பேசித்தானே அண்ணா வந்தோம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட நகல்களாக. பாஸ்போர்ட் அலுவலகம், வங்கி, பள்ளி என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள். காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் நாமினியாக இருக்கும் பெயர் விவாகரத்தால் தானாக மாறாது, நீங்கள் போய்த்தான் மாற்ற வேண்டும். குழந்தையைப் பற்றிய ஏற்பாடு கல்லில் செதுக்கியது கிடையாது. அவன் வளர வளர நிலைமை மாறும், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் மனுப்போட்டு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் மகனுக்கு இப்போது கிரிக்கெட் பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில். அட்டவணையில் அது இடித்தபோது அவரும் நானும் ஒரே தொலைபேசிப் பேச்சில் மாற்றிக்கொண்டோம். மாற்றுவதற்கு ஓர் எழுத்து இருந்ததால் பேச்சு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

எல்லோருக்கும் இப்படி ஒரு வக்கீல் அமைவாரா என்றால், அமைய மாட்டார். ஒருவரையொருவர் தூண்டிவிட்டு, மனமொத்து வந்தவர்களைப் பொய்க் குற்றச்சாட்டுகளுக்குள் இழுத்துவிடுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பாருங்கள். குழந்தை, கடன், நகை இவற்றைப் பற்றி எதுவும் விசாரிக்காமல் "எவ்வளவு தொகை கேட்கலாம்" என்று ஆரம்பிக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எதையுமே விசாரிக்காமல் அடுத்த வாரமே தாக்கல் செய்துவிடலாம் என்கிறவரிடமிருந்தும்.

தொலைபேசியில் கேட்ட பெண் கடைசியாகச் சொன்னது, வக்கீலுக்குக் கொடுக்கத் தன்னிடம் பணமில்லை என்பது. அதை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும்: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விசாரிக்கலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் வக்கீல் ஒருவரை நியமிப்பார்கள். மனு ஆங்கிலத்தில் தயாரானால், கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. புரியாத பத்தி ஒன்று இருந்தாலும் அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.